ஓடும்போது மயங்கி விழும் பிள்ளையின் இதயத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். என் மகளுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே குப்புற விழுந்தாள். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டாள். வெயில் என்றார்கள். சென்ற ஆண்டு தை மாதம் எருது விடும் விழாவில் மாடு ஒன்று தடுப்பைத் தாண்டி வந்தபோது அலறியபடி விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது, உடையிலேயே சிறுநீர் போய்விட்டது. வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள், இன்றுவரை சாப்பிடுகிறாள். தலையில் எடுத்த பதிவு, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறும் கட்டினோம். சென்ற மாதம் தெருநாய் துரத்தியதில் மறுபடியும் விழுந்துவிட்டாள்.

என் தம்பி 14 வயதில் கிணற்றில் குதித்தவன் மேலே வரவே இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவன். அப்பா இறந்த அன்று அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, அதிர்ச்சியில் இதயம் வீங்கிவிட்டது என்றார்கள்; இரண்டு மாதத்தில் குணமாகிவிட்டார். நான் தாய்மாமனைத்தான் திருமணம் செய்திருக்கிறேன். என் பெற்றோரும் அத்தை மகன், மாமன் மகள் உறவுதான். அதிர்ச்சியைத் தாங்காத இதயம் எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? மகளிடம் கெட்ட செய்தி எதையும் சொல்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டுமா? 6 வயது மகனுக்கும் வருமா? அக்கா மகளுக்கு என் பெரியம்மா மகனைப் பேசி முடித்திருக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்வதா என்றும் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஓடும்போது விழுந்தாள். மாட்டைக் கண்டு அலறும்போது விழுந்தாள். நாய் துரத்தும்போது விழுந்தாள். மற்றவற்றைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்துக்குள் மகளை ஓர் இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டிரெட்மில் ஈ.சி.ஜி. (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு எடுப்பது), 24 மணி நேர ஹோல்டர் பதிவு (சிறு கருவியை உடலில் மாட்டி நாள் முழுவதும் துடிப்பைப் பதிவது) இரண்டும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை ஓட்டம், கோ-கோ, கபடி, கிணறு, ஏரி எதுவும் வேண்டாம். பள்ளிக்குப் போகலாம், வகுப்பில் உட்காரலாம், நடக்கலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். அது தேவையா இல்லையா என்பதை நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் கலங்கிவிட வேண்டாம். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கும் பிள்ளைகள் ஏராளம். ஊசியைக் கண்டால், ரத்தத்தைக் கண்டால், சாப்பிடாமல் நெடுநேரம் நின்றால் மயங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே கண் இருட்டும், வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும். படுக்க வைத்தால் தெளிந்துவிடும். அது ரத்த அழுத்தம் சற்றுத் தாழ்வதால் வருவது, ஆபத்தில்லை. ஓட்டத்தின் நடுவிலோ, நீந்தும்போதோ, பயம், கோபம், அழுகை உச்சத்தில் இருக்கும்போதோ எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாய்வது வேறு வகை. அந்த வகை மயக்கத்தை, வேறு காரணம் உறுதியாகும்வரை, இதயத்தின் மயக்கம் என்றுதான் கொள்ள வேண்டும்.

கைகால் இழுத்ததே, சிறுநீர் போனதே, அது வலிப்புதானே என்று கேட்பீர்கள். இதயம் தாறுமாறாகத் துடித்து மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போகாவிட்டாலும் கைகால் இழுக்கும், சிறுநீர் பிரியும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வலிப்பென்று பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட பிறகு இதயக் கோளாறு என்று தெரியவந்த பிள்ளைகள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, அதுவும் நாய் துரத்தும்போது மறுபடி விழுந்திருக்கிறாள் என்றால், முதலிலிருந்து யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நான் சந்தேகப்படும் நோயை மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.வி.டி. என்பார்கள். பயத்திலும் ஓட்டத்திலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் பெருகும்போது மட்டும் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கு தப்பி வேகமாகத் துடிக்கும் பரம்பரை நோய். பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. பிரான்சில் ஃபிலிப் குமெல் என்ற இதய மருத்துவர் 1978-இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதினார். முதல் மயக்கம் பெரும்பாலும் 7 முதல் 12 வயதுக்குள் வரும். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள்.

அதன் உள்வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் ‘பயந்த சுபாவம்’ என்ற பேச்சுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் அறை உண்டு. ஏரிக்கு மதகு இருப்பதுபோல அந்த அறைக்கும் ஒரு வாயில் இருக்கிறது. துடிப்புக்கான மின் ஆணை வரும்போது வாயில் திறந்து கால்சியம் வெளியே வரும், தசை சுருங்கும்; பிறகு வாயில் மூடிக்கொள்ளும். இந்த வாயிலைக் கட்டுவதற்கான செய்முறை ஆர்.ஒய்.ஆர்.2 என்ற மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் பிழை இருந்தால் வாயில் சரியாக மூடாது. ஓய்வாக இருக்கும்போது அதனால் ஒன்றும் நேராது. பயமோ ஓட்டமோ அட்ரினலினைக் கொட்டும்போது அறைக்குள் கால்சியம் நிரம்பி, மூடாத வாயில் வழியே நேரம் காலம் இல்லாமல் கசியும். ஒவ்வொரு கசிவும் ஓர் அதிகப்படியான துடிப்பைக் கிளப்பும். துடிப்புகள் அடுக்கடுக்காக வந்தால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் நடுங்கும், பிள்ளை விழுவாள். பெரும்பாலான நேரம் சில நொடிகளில் அது தானாகவே ஒழுங்குக்குத் திரும்பிவிடும். திரும்பாமலும் போகலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஆகவே உங்கள் மகள் கோழை அல்ல, மனம் பலவீனமானவளும் அல்ல. அவளுக்கு வரும் பயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் பயம்தான். இதை அவளிடமே சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாக இருந்ததே என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் அப்படித்தான் இருக்கும். எக்கோ இதயத்தின் கட்டமைப்பைக் காட்டும். கட்டமைப்பில் இவர்களுக்குக் குறை கிடையாது. படுத்துக்கொண்டு எடுக்கும் ஈ.சி.ஜி. ஓய்வில் இருக்கும் இதயத்தை மட்டுமே பதிவு செய்யும். டிரெட்மில்லில் நடக்கவிட்டால் கதை மாறும். முதல் சில நிமிடங்கள் வரி வரியாக ஒழுங்கான துடிப்புகள். நாடி நிமிடத்துக்கு 110, 120 என்று ஏறும்போது நடுவே ஒரு முரட்டுத் துடிப்பு எட்டிப் பார்க்கும். வேகம் கூடக்கூட ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், பிறகு இரண்டிரண்டாகச் சேரும். சிலருக்குத் தாளில் ஒரு துடிப்பு மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி விழும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் இதய மருத்துவருக்கு நோய் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இயந்திரத்தை நிறுத்தி உட்கார வைத்ததும் ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கி, முதலில் இருந்த அதே ஒழுங்கான வரி திரும்பிவிடும். ஓட வைத்தால் விழுந்துவிடுவாளே என்று பயப்படாதீர்கள். அருகில் மருத்துவர் நிற்பார், மின்னதிர்ச்சிக் கருவி தயாராக இருக்கும், முரட்டுத் துடிப்புகள் கூடத் தொடங்கியதுமே நிறுத்திவிடுவார்கள். பள்ளி மைதானத்தில் ஓடுவதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு நோயும் இருக்கிறது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. என்று ஓர் இடைவெளியை அளப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மறுபடி மின்னேற்றம் பெற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சில குடும்பங்களில் அது பரம்பரையாக நீண்டிருக்கும். ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு உண்டு. இதில் ஒரு வகையினருக்கு ஓட்டமும், குறிப்பாக நீச்சலும் ஆகாது. இன்னொரு வகையினருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. அலாரம், தொலைபேசி மணி, பட்டாசு போதும். மூன்றாவது வகையினருக்குத் தூக்கத்தில் வரும். ஒருமுறை எடுத்த ஈ.சி.ஜி.யில் இது தப்பிவிடுவதும் உண்டு. எனவே பழைய ஈ.சி.ஜி. தாள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், க்யூ.டி.யை மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது நோய் இல்லை என்று உறுதியாகும்வரை மருந்துகளிலும் கவனம் தேவை. அசித்ரோமைசின், ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன் போன்றவை க்யூ.டி.யை இன்னும் நீட்டக்கூடியவை. காய்ச்சலுக்கும் வாந்திக்கும் நம் ஊர்களில் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படுபவை இவை. எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக்கடையில் கேட்டாலும், ‘இவள் இதயத் துடிப்புக்காகப் பரிசோதனையில் இருக்கிறாள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. இத்தனை ஆண்டுகளாகக் கிணற்றடி முனி அடித்தது என்றோ, அடியில் சேற்றில் மாட்டிக்கொண்டான் என்றோதான் ஊரில் பேசியிருப்பார்கள். நீந்தத் தெரிந்த பிள்ளை குதித்த இடத்திலேயே மூழ்குவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு நோய்களும் தண்ணீரில் உயிரைப் பறிப்பவை என்பதும் உண்மை. உயரத்திலிருந்து குதிக்கும் பரபரப்பு, குளிர்ந்த நீர், கைகால் வீச்சு எல்லாம் ஒரே நொடியில் சேர்கின்றன. துடிப்புக் கோளாறு பிரேதப் பரிசோதனையில் அகப்படாது. நின்றுபோன இதயத்தில் அது எந்த அடையாளத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே தண்ணீரில் மூழ்கி மரணம் என்றுதான் எழுதியிருப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது இந்தச் சம்பவத்தைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். வீட்டில் அதைப் பேசினால் அம்மா அழுவார் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். உங்கள் மகளின் நோயைக் கண்டுபிடிக்கக் கிடைத்த முக்கியமான தடயங்களில் ஒன்று அது. 40 வயதுக்குள் திடீரென்று இறந்த உறவினர் ஒவ்வொருவரையும், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதோடு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாலை விபத்து என்று முடித்துவிட்டதும், பிள்ளை தூக்கத்திலேயே போனதும்கூட அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

உங்கள் அம்மாவுக்கு வந்தது இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் பெயர் டாகோட்சுபோ. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். பெருந்துயரமோ அதிர்ச்சியோ வரும்போது இதயத்தின் இடது கீழறையின் நுனிப்பகுதி செயலிழந்து உப்பிவிடும்; நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. மாற்றம், ரத்தப் பரிசோதனை எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும், ஆஞ்சியோ எடுத்தால் அடைப்பு இருக்காது. 2004-இல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்த பிறகு இந்த நோயாளிகள் அதிகமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்றவர்கள். முதல் சில நாட்கள் ஆபத்தானவை. தாண்டிவிட்டால் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்ததாகச் சில பதிவுகள் இருந்தாலும், இதற்கு இதுதான் காரணம் என்று காட்டக்கூடிய ஒற்றை மரபணு இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே பாட்டிக்கு வந்ததே பேத்திக்கு வந்திருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. இரண்டிலும் அட்ரினலின்தான் தூண்டுகோல். ஆனால் அம்மாவுக்கு அது தசையைத் தாக்கியது, மகளுக்குத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. அம்மாவை இதில் முழுவதும் விட்டுவிடவும் முடியாது. டாகோட்சுபோ வந்த நாட்களில் க்யூ.டி. இடைவெளி பலருக்கு நீளும். குணமான பிறகும் அவருக்கு அது நீண்டே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இன்றும் வழக்கம். தமிழ்நாடு முழுவதிலுமே நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தோப்பும் நிலமும் பிரியக் கூடாது, பெண் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்ததை இன்று குற்றமாக்கி உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். பரம்பரை நோய் வரும் வழியை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

ஆர்.ஒய்.ஆர்.2 பிழை என்றால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். உறவுத் திருமணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிழையைச் சுமக்கும் பெற்றோருக்கு ஒருமுறைகூட மயக்கம் வராமல் இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணுப் பிழை கண்டறியப்படும் சி.பி.வி.டி. குடும்பங்களில் பெரும்பான்மை இந்த வகைதான். சி.ஏ.எஸ்.க்யூ.2 என்ற இன்னொரு மரபணுவின் கதை வேறு. அதில் இரு பெற்றோரிடமிருந்தும் பிழை வந்து சேர்ந்தால்தான் பொதுவாக நோய் வெளிப்படும். 2001-இல் இதைக் கண்டுபிடித்ததே இஸ்ரேலின் வடபகுதியில், நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் பெதூயின் என்ற அரபு இனக் குடும்பங்களில்தான். தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு, மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாகவும் வந்த ஒரே நகலாக இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் பதினாறில் ஒரு பங்கு. உங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையும் உறவுக்குள்ளேயே மணந்திருப்பதால் இந்த இரண்டாவது வழியையும் மருத்துவர் கட்டாயம் யோசிப்பார்.

உங்கள் சொந்தத்தில் பிறவியிலேயே காது கேளாத குழந்தை யாராவது உண்டா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். 1957-இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குக் காது கேளாது, மயங்கி விழுவார்கள், அவர்களில் மூவர் சிறு வயதிலேயே திடீரென்று இறந்துபோனார்கள். க்யூ.டி. நீண்டிருக்கும் நோயின் கடுமையான வகை அது. இரு பெற்றோரிடமிருந்தும் பிழை வந்தால் காதையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கும். நம் பகுதியில் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் செவிப் பரிசோதனையும் காக்ளியர் அறுவைச் சிகிச்சையும் இப்போது நன்றாகவே நடக்கின்றன. அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஈ.சி.ஜி. எடுத்து க்யூ.டி.யைப் பார்த்துவிட வேண்டும் என்பதை ஒரு பிடிவாதமாகவே சொல்லி வருகிறேன். ஐந்து நிமிட வேலை அது.

மரபணுப் பரிசோதனைக்கு மகளின் ரத்தம் கொஞ்சம் போதும். முதலில் நோயுள்ளவரைத்தான் சோதிக்க வேண்டும். அவளிடம் பிழை கிடைத்தால் அந்த ஒன்றை மட்டும் மற்றவர்களிடம் தேடுவது எளிது, செலவும் குறைவு. முடிவு மூன்று விதமாக வரலாம். பிழை தெளிவாகக் கிடைக்கலாம். ஒன்றும் கிடைக்காமல் போகலாம்; அதனால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. ஏதோ மாற்றம் இருக்கிறது, அது நோயைத் தருமா என்று தெரியவில்லை என்றும் வரலாம். இந்த மூன்றாவது முடிவு குடும்பங்களை மிகவும் குழப்பும். எனவே மரபணு ஆலோசகரோ அதில் பழக்கமுள்ள இதய மருத்துவரோ பக்கத்தில் இல்லாமல் அறிக்கையை மட்டும் வாங்கிப் படிக்காதீர்கள். டிரெட்மில்லில் நோய் தெரிந்துவிட்டால் மரபணு முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

மருந்து பீட்டா பிளாக்கர் வகை. அட்ரினலின் இதயத்தின் மேல் காட்டும் கையை அது கட்டிப்போடும். நாடோலால் சிறந்தது; எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால் ப்ரொப்ரனலாலும் கொடுக்கிறோம். மூச்சிளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பிடாமல் மாத்திரை வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உணவு இறங்காத நாளில் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நன்றாக இருக்கிறாளே என்று நிறுத்திய வாரத்தில் விழுந்த பிள்ளைகள் உண்டு. திருவிழாவுக்கோ சுற்றுலாவுக்கோ போகும்போது மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துப்போகும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இது போதாவிட்டால் ஃப்ளெகனைடு என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் இடது பக்கத்தில் இதயத்துக்குப் போகும் பரிவு நரம்பை வெட்டிவிடும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. துடிப்பு ஒழுங்கு தப்பினால் தானே மின்னதிர்ச்சி கொடுக்கும், நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவியும் உண்டு. ஆனால் சி.பி.வி.டி.யில் அதை எடுத்தவுடன் வைப்பது சரியல்ல என்பது என் கருத்து. கருவி கொடுக்கும் மின்னதிர்ச்சியின் வலியும் பயமும் அட்ரினலினைக் கூட்டி, அடுத்தடுத்துத் துடிப்புக் கோளாறைக் கிளப்பிவிடலாம். யாராவது அவசரமாகக் கருவி வைக்கச் சொன்னால் இதய மின்னியல் நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

தொடக்கப் பரிசோதனைகளுக்கு கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். அங்கிருந்து சேலத்துக்கோ, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போங்கள். எது அதில் அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கெட்ட செய்தியை மறைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? வேண்டாம், சகோதரி. வீட்டுக்குள்ளும் கதவு படாரென்று சாத்தும், பரீட்சை முடிவு வரும், யாராவது இறந்துபோவார்கள். அதிர்ச்சியே இல்லாத வாழ்க்கையை உங்களால் அவளுக்கு அமைத்துத் தர முடியாது. அதிர்ச்சி வரும்போது இதயம் நிலைகுலையாமல் இருக்கத்தான் மருந்து. மருந்து தொடங்கி, மறுபடி டிரெட்மில் எடுத்து, முரட்டுத் துடிப்புகள் அடங்கிவிட்டன என்று தெரிந்த பிறகு எவ்வளவு விளையாடலாம் என்பதை மருத்துவர் சொல்வார். பந்தய ஓட்டமும் கிணற்று நீச்சலும் அவளுக்கு இனி இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். எருது விடும் விழாவுக்கும், காதருகே பட்டாசு வெடிக்கும் இடத்துக்கும் அழைத்துப் போக வேண்டாம். மற்றபடி அவள் படிக்கட்டும், பாடட்டும், தோழிகளோடு ஊர் சுற்றட்டும். தவறு செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே கண்டிக்கலாம்.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். அவள் விழுந்தால் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. தட்டிக் கூப்பிட வேண்டும். அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றவர் மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் இதை மருத்துவமனையில் கேட்டுப் பொம்மையின் மேல் ஒருமுறையாவது செய்து பழகுங்கள். கடிதத்தைப் படித்துக் கற்றுக்கொள்ளக்கூடிய காரியமல்ல இது.

மகனுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை என்பது ஆறுதல்தான், ஆனால் சான்றிதழ் அல்ல. அக்காவுக்கு நோய் உறுதியானால் அவனுக்கும் ஈ.சி.ஜி., ஹோல்டர், முடிந்தால் டிரெட்மில், மரபணுப் பிழை கிடைத்திருந்தால் அதற்கான சோதனை எல்லாம் செய்ய வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் டிரெட்மில் ஏற வேண்டும். 14 வயதில் இறந்தவனின் உடன்பிறந்தவர் நீங்கள். உங்களுக்கே பிழை இருந்து, வெளியே தெரியாமலும் இருக்கலாம். உங்கள் அக்காவுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

அக்கா மகளின் திருமணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தேதி குறிப்பதை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் மகளின் முடிவு வரட்டும். ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும் என்ற வகைப் பிழை என்றால், அக்கா மகளுக்கு அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை யார் என்பது அதை மாற்றாது, மாப்பிள்ளைக்கும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் சேர வேண்டிய வகை என்றால், அந்த ஒரு பிழைக்காக இருவரையும் சோதிக்கலாம். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்பதை அவர்களிடமே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். முடிவு மணமக்களுடையது, பெரியவர்களுடையது அல்ல. அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். மகளின் டிரெட்மில் அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். மருந்தின் அளவு பற்றியும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் பற்றியும் அப்போது விரிவாகப் பதில் எழுதுகிறேன்.